கோர்ட் வாசலில் ஒரே ஏட்டு: யாருக்குக் காவல், யார் பணம்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பாகப்பிரிவினை வழக்குக்காக ஒன்பது வருஷமாக எங்கள் ஊர் கோர்ட்டுக்கு அலைகிறேன். வாசலில் ஒரே ஒரு ஏட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யார் பையையும் திறந்து பார்த்து நான் கண்டதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலோ மத்தியப் படையே காவல் நிற்கிறது. எங்கள் ஊரில் சில கட்சிக்காரர்கள் டீக்கடைக்குப் போனாலும் பின்னால் துப்பாக்கியோடு போலீஸ் போகிறது. இதற்கெல்லாம் யார் பணம் கொடுக்கிறார்கள்? இன்னொன்று. என் மகள் வி.ஏ.ஓ.வாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. மணல் வண்டியைப் பிடித்துக் கொடுத்ததிலிருந்து, 'லாரி கண்ணு தெரியாம ஏறிடும்' என்று போனில் மிரட்டுகிறார்கள். அவளுக்குக் காவல் கேட்க வழி உண்டா?

(தென்மாவட்ட வாசகர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: ஐயா, மகளைப் பற்றிய வரியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். நான் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். யார் பணம் என்ற கணக்கு ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

2023 ஏப்ரல் 25 உங்களுக்கும் நினைவிருக்கும். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் ஒருவரைப் பட்டப்பகலில், அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். மணல் கடத்தல் பற்றி அவர் புகார் கொடுத்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அரசு 1 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்த வருஷமே இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனையும் கிடைத்தது. வழக்கு அவ்வளவு வேகமாக முடிந்தது நல்லதுதான். ஆனால் இறந்த பிறகு கொடுக்கப் பணம் இருந்தது, இறப்பதற்கு முன்னால் ஒரு காவலரை வாசலில் நிறுத்த ஆள் இல்லை. உங்கள் கேள்வி முழுவதும் இந்த இடைவெளியைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் காவலுக்குப் பணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பணம் பதவியின் பின்னால் போகிறது. அமைச்சருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிக்கும் பதவி ஏற்ற அன்றே காவல் வந்துவிடும், யாரும் மனு எழுத வேண்டியதில்லை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், கீழ்க் கோர்ட் ஊழியர், சாட்சி சொல்லப் போகிறவர் ஆகியோருக்கு, ஆபத்து இருக்கிறது என்று காகிதத்தில் காட்டினால்தான் வரும். அதனால் மகள் இப்போது செய்ய வேண்டிய வேலை காகித வேலைதான். வாய்ப்பேச்சாக இன்ஸ்பெக்டரிடம் சொல்லி, அவர் 'நான் பார்த்துக்கிறேம்மா' என்றால் அதை நம்பி வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

எந்தச் சட்டப் பிரிவில் வழக்குப் பதிகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இதைச் சாதாரணமாக யாரும் சொல்லித் தருவதில்லை, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், 2018 என்று ஒன்று இருக்கிறது. மணல் வண்டியைப் பிடித்துக் கொடுத்தவர் என்பதால் உங்கள் மகளும் ஒரு சாட்சிதான். அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, தனிச் சட்டம் வரும்வரை எல்லா மாநிலங்களிலும் இதுவே சட்டம் என்று சொன்னது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398ஆம் பிரிவும் ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் 2018 திட்டம் எல்லாக் குற்றத்துக்கும் பொருந்தாது. பெண்களுக்கு எதிரான சில குற்றங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை தரக்கூடிய குற்றங்களுக்குத்தான். ஸ்டேஷனில் என்ன செய்வார்கள் தெரியுமா? மணல் திருட்டைச் சாதாரணத் திருட்டாக, புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 303(2)இல் பதிவார்கள், அது மூன்று வருஷம். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது என்று 132 போட்டால் இரண்டு வருஷம். மிரட்டலை 351(2)இல் போட்டால் அதுவும் இரண்டு வருஷம். மூன்றையும் சேர்த்துப் போட்டாலும் திட்டத்தின் வாசல் திறக்காது.

இப்போது இப்படிப் பாருங்கள். 'லாரி ஏறிடும்' என்பது உயிருக்கு விடுத்த மிரட்டல். நியாய சன்ஹிதாவின் 351(3) அதற்கு ஏழு வருஷம் வரை தண்டனை தருகிறது. பேசியவன் பெயர் சொல்லாமல், ஆளை மறைத்துப் பேசியிருந்தால் 351(4)இன்படி இன்னும் இரண்டு வருஷம் கூடும். ஆற்று மணல் அரசின் சொத்து, அரசு சொத்தைத் திருடினால் 305ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை. பழைய தண்டனைச் சட்டத்தில் அரசு சொத்துத் திருட்டு என்று இப்படித் தனியாகக் கிடையாது, புதிதாக வந்தது. அதனால் பழைய கைப்பழக்கத்தில் எழுதுகிற ரைட்டர்கள் இதை விட்டுவிடுவதுண்டு. புகாரிலேயே 351(3), 305 என்று மகள் எழுதிவிடட்டும். எந்தப் பிரிவு போடுவது என்பது போலீஸ் முடிவுதான், ஆனால் எழுதிக் கேட்ட பிறகு போடாமல் விட்டால் 'ஏன் போடவில்லை' என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

புகாரை ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) அதற்குத்தான் இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. தாசில்தாருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் (வருவாய்க் கோட்டாட்சியர்) நகல் போகட்டும். மேலதிகாரியைக் கேட்காமல் போலீசுக்குப் போனால் ஒழுங்கு நடவடிக்கை வருமோ என்று பல வி.ஏ.ஓ.க்கள் பயப்படுகிறார்கள். உயிர் மிரட்டல் பற்றிப் புகார் கொடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. புகார் வந்தது என்பதற்கு மட்டுமான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் அதோடு நிற்க வேண்டாம், எஃப்.ஐ.ஆர். வேண்டும். மிரட்டல் வந்த போனை மாற்றவோ அழைப்புப் பதிவுகளை அழிக்கவோ கூடாது. பதிவு இருந்தால் அந்த போனே சாட்சி.

எஃப்.ஐ.ஆர். வந்ததும் பாதுகாப்பு மனு. இதைக் கொடுக்க வேண்டிய இடம் போலீஸ் இல்லை. மாவட்டத்தில் ஒரு நிலைக்குழு இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைவர், மாவட்டக் காவல்துறைத் தலைவர் உறுப்பினர், அரசுத் தரப்பு வழக்கு நடத்தும் பிரிவின் மாவட்டத் தலைவர் உறுப்பினர் செயலர். மனு அந்த உறுப்பினர் செயலருக்குப் போகும். குழு டி.எஸ்.பி.யிடம் மிரட்டல் பற்றிய அறிக்கை கேட்கும், அவர் ஐந்து வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். அவசரம் என்று தெரிந்தால் அறிக்கைக்குக் காத்திருக்காமலே இடைக்காலக் காவல் போடலாம். கிடைப்பது எப்போதும் துப்பாக்கி ஏந்திய ஆளாக இருக்காது. வீட்டுப் பக்கம் ரோந்து, கேமரா, போன் எண் மாற்றம், சாட்சி சொல்லப் போகிற நாளில் அரசு வண்டியில் கூட்டிப்போவது இப்படி எதுவாகவும் இருக்கலாம். ஒரு தடவைக்கு அதிகம் போனால் மூன்று மாதம், பிறகு மறுபடி பார்ப்பார்கள். அந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் பெற்றோரும் சேர்த்திதான், ஆகவே நீங்களும் அதற்குள் வருகிறீர்கள். செலவு இதற்கென்று மாநில அரசு வைக்க வேண்டிய நிதியிலிருந்து. பொய்ப் புகார் என்று பின்னால் தெரிந்தால் செலவைத் திரும்ப வசூலிக்கலாம் என்றும் இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும், கூட்டிக் குறைத்து எழுத வேண்டாம்.

சரி, இனி பணக் கணக்குக்கு வருகிறேன்.

போலீஸ் என்பது அரசமைப்புச் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயம். கோர்ட்டுக்குக் காவல் போடுகிற கடமையும் செலவும் அதனால் மாநிலத்தின் தலையில்தான். 2021 ஜூலை 28 காலையில் ஜார்க்கண்ட் தன்பாத்தில் கூடுதல் மாவட்ட நீதிபதி ஒருவர் நடைப்பயிற்சி போகும்போது பின்னாலிருந்து ஆட்டோவை ஏற்றிக் கொன்றார்கள். அந்தக் கேமரா காட்சியை நாடே பார்த்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, நீதிபதிகளுக்கென்று ஒரு தேசியப் படை வைக்க முடியாதா என்று கேட்டபோது, அது நடைமுறைக்கு ஒத்துவராது, மாநிலப் போலீசே பார்க்க வேண்டும் என்பதுதான் மத்திய அரசின் நிலை.

அப்படியானால் சென்னையில் மத்தியப் படை எப்படி? அது அரசு கேட்டு வந்ததில்லை, கோர்ட் உத்தரவு போட்டு வந்தது. 2015 செப்டம்பரில் தமிழை வழக்காடு மொழியாக்கக் கோரி வழக்கறிஞர்கள் சிலர் தலைமை நீதிபதியின் கோர்ட் ஹாலுக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். அதற்கு முன்னால் 2009 பிப்ரவரி 19 அன்று அதே வளாகத்தில் போலீசுக்கும் வக்கீல்களுக்கும் நடந்த மோதலும் யாருக்கும் மறக்கவில்லை. மாநிலப் போலீஸ் உள்ளே வந்தால் வக்கீல்களுக்கு ஆகாது, வராவிட்டால் நீதிபதிகளுக்கு நம்பிக்கை இல்லை என்று ஆகிவிட்ட இடத்தில் மூன்றாவது ஆளாகத்தான் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை வந்தது. 2015 நவம்பர் 16 முதல் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் அவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படை போகிற இடத்தில் கூப்பிட்டவர்தான் செலவைக் கொடுக்க வேண்டும். இங்கே கொடுப்பது தமிழ்நாடு அரசு, அதாவது நீங்களும் நானும். வளாகத்துக்குள் நுழையும்போது என் பையை ஸ்கேனரில் போடச் சொன்ன முதல் நாளில் நானும் முணுமுணுத்தவன்தான், அதை மறைக்க விரும்பவில்லை. அந்த வளாகத்தை யாரும் பொதுவழி என்று உரிமை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காக வருஷத்தில் ஒரு நாள் எல்லா வாசலையும் பூட்டி வைக்கிற பழக்கம் இன்றும் உண்டு. 1914இல் எம்டன் கப்பல் சுட்ட குண்டுகூட அங்கே விழுந்திருக்கிறது. ஸ்கேனருக்கு மட்டும் நாங்கள் கோபித்துக்கொண்டது இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது.

உயர் நீதிமன்றத்துக்கும் உங்கள் ஊர் கோர்ட்டுக்கும் இருக்கிற வித்தியாசம் அங்கே நிற்கிற படையைத் தாண்டியும் போகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 229ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் நிர்வாகச் செலவு மாநிலத் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சாட்டப்படுகிறது. சட்டமன்றத்தில் விவாதிக்கலாம், ஓட்டுப் போட்டு வெட்ட முடியாது. கீழ்க் கோர்ட்டுகளின் செலவு அப்படிச் சாட்டப்பட்டதில்லை. வருஷா வருஷம் மானியக் கோரிக்கை (துறைவாரியாகச் சட்டமன்றத்திடம் பணம் கேட்பது) எண் 3, நீதி நிர்வாகம் என்ற தலைப்பில் ஓட்டுக்குப் போகிறது. அதில் கட்டடமும் சம்பளமும் வரும். வாசலில் நிற்கிற ஏட்டு அதில் வரமாட்டார். அவர் காவல்துறையின் ஆள், அவர் சம்பளம் எண் 22இல். நீதித்துறைக் கட்டமைப்புக்காக 1993-94 முதல் மத்திய அரசு ஒரு திட்டத்தில் பணம் தருகிறது, நம் மாநிலத்துக்கு 60க்கு 40 என்ற பங்கு. அதிலும் கோர்ட் ஹால், நீதிபதி குடியிருப்பு, வக்கீல் அறை, கழிப்பறை, கணினி அறைதான். காவலருக்குச் சம்பளம் கிடையாது.

ஆக, உங்கள் கோர்ட் ஏட்டு இரண்டு கணக்குக்கும் நடுவில் விழுந்துவிட்டவர். அவர் கோர்ட்டுக்கு இரவலாக வந்தவர். அமைச்சர் வருகை, தேர்த் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று பந்தோபஸ்து வந்தால் முதலில் அவரைத்தான் கழற்றிக்கொண்டு போவார்கள். நான் ஆரம்பத்தில் வேலை பார்த்த ஒரு சார்பு நீதிமன்றத்தில் ஆயுத காவலுக்கு என்று போட்ட கூண்டில் டீக்கடைக்காரரின் சிலிண்டர்தான் வருஷக்கணக்கில் இருந்தது. கேட்டால், 'ஆள் வந்தா எடுத்துடறேன் சார்' என்பார். ஆள் வரவேயில்லை.

ஆள் இல்லாததன் விலையை உங்கள் பக்கத்திலேயே பார்த்தோம். 2024 டிசம்பர் 20 அன்று நெல்லை மாவட்ட நீதிமன்ற வாசலில் வழக்குக்காக வந்த இளைஞரை ஒரு கும்பல் வெட்டிக் கொன்றது. அங்கிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் துரத்திப் போய் ஒருவனைப் பிடித்தார். உயர் நீதிமன்றம் தானாக விசாரணைக்கு எடுத்தது, கோர்ட்டுகளில் துப்பாக்கி ஏந்திய காவலரை நிறுத்த உத்தரவும் போனது. அதற்கு முன் 2023 மார்ச்சில் கோவை நீதிமன்றத்துக்குள் ஒரு பெண் மீது கணவனே அமிலம் ஊற்றினான், அவர் பிழைக்கவில்லை. இரும்பைக் கண்டுபிடிக்கிற வாசல் அமிலத்தைக் கண்டுபிடிக்காது. பையைத் திறந்து பார்க்க ஆளும், பெண்களைச் சோதிக்கப் பெண் காவலரும் வேண்டும். கருவிக்கு ஒரு தடவை பணம் கொடுத்தால் போதும், ஆளுக்கு மாதா மாதம் கொடுக்க வேண்டும். அரசு எப்போதும் முதலாவதைத்தான் விரும்பும், திறப்பு விழாவும் நடத்தலாம்.

வக்கீல்களான எங்கள் தரப்புத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பர் 24 அன்று டெல்லி ரோகிணி கோர்ட்டில் நீதிபதி முன்னாலேயே ஒரு ரவுடியைச் சுட்டவர்கள் வக்கீல் உடையில் வந்தவர்கள். கறுப்புக் கோட்டைப் பார்த்துச் சோதனை போடாமல் விட்டால் அடுத்தவனும் கறுப்புக் கோட்டில்தான் வருவான். 2023 ஆகஸ்ட் 11 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கோர்ட் பாதுகாப்புக்கென்று நிரந்தரப் பிரிவு, கேமரா, நுழைவுச் சோதனை, ஆம்புலன்ஸ், தீயணைப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொரு மாநிலமும் திட்டம் போட வேண்டும் என்றது. அதை உயர் நீதிமன்றமும் உள்துறையும் டி.ஜி.பி.யும் சேர்ந்து செய்ய வேண்டும். அந்த நிரந்தரப் பிரிவு வந்தால்தான் உங்கள் ஏட்டு தேருக்குப் போகாமல் வாசலில் இருப்பார்.

டீக்கடைக்குப் பின்னால் வருகிற துப்பாக்கிப் போலீஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் எனக்குப் பொறுமை குறைவு. எக்ஸ், ஒய், இசட், இசட் பிளஸ் என்று தரம் பிரித்திருப்பது ஆபத்தை அளக்க. மத்திய அரசோ மாநில அரசோ உளவு அறிக்கையைப் பார்த்துக் கொடுக்கும், அவ்வப்போது மறுபரிசீலனை செய்யும். பிரதமருக்கான எஸ்.பி.ஜி. (சிறப்புப் பாதுகாப்புப் படை) காவலையே 2019 திருத்தத்தில் சுருக்கினார்கள். முன்னாள் பிரதமருக்குப் பதவி போனபின் ஐந்து வருஷம்தான். காசுள்ளவர் தானே கட்டுகிற வழக்கமும் இருக்கிறது. முகேஷ் அம்பானி குடும்பத்தின் இசட் பிளஸ் காவலுக்கு அவர்களே செலவு கொடுக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஊர் மட்டத்தில், கன்மேன் பின்னால் வந்தால் கௌரவம் என்று நினைக்கிற ஆட்கள் உண்டு. கார் மேல் சுழலும் சிவப்பு விளக்கு 2017 மே மாதத்தில் போன பிறகு அந்த ஆசை கன்மேன் பக்கம் வந்துவிட்டது என்பது என் சொந்த அபிப்பிராயம். அப்படி நிற்கிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கோர்ட் வாசலிலோ வி.ஏ.ஓ. அலுவலக வாசலிலோ நிற்க வேண்டியவர்.

இன்னாருக்கு ஏன் காவல் கொடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதில் வராது. உயிருக்கு ஆபத்து என்ற விலக்கு எட்டாம் பிரிவிலேயே இருக்கிறது. அதனால் ஆள் பெயரை விட்டுவிட்டுத் தொகையைக் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: மாவட்டத்தில் தனிநபர் காவலுக்குப் போட்டிருக்கிற காவலர் எத்தனை பேர், நீதிமன்றக் காவலுக்கு அனுமதித்த எண்ணிக்கை எத்தனை, கடந்த ஆண்டு ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள்கிழமை உண்மையில் பணியில் இருந்தவர் எத்தனை பேர், தனிநபர் காவலுக்காக வசூலித்த கட்டணம் எவ்வளவு. முப்பது நாள் கெடு. முதல் திங்கள் என்று நாள் குறிப்பிடுவதில் ஒரு காரணம் உண்டு. 'தேவைக்கேற்ப நிறுத்தப்படுகிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது, பணிப் பதிவேட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்.

பதில் வந்ததும் ஒரு நகலை உங்கள் ஊர் வழக்கறிஞர் சங்கத் தலைவரிடம் கொடுங்கள், இன்னொன்றை மாவட்ட நீதிபதிக்கு அனுப்புங்கள். அவர் கையில் எண்ணிக்கையோடு ஒரு காகிதம் இருந்தால், உயர் நீதிமன்றத்துக்கு ஆள் கேட்டு எழுதுவது அவருக்கும் சுலபம். ஆனால் அது அடுத்த மாதத்து வேலை. இந்த வாரம் மகளுடைய புகார். எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன்னால் நகலை எனக்குப் போடுங்கள், பிரிவுகளைப் பார்த்துச் சொல்கிறேன்.